மலைக்கு அப்பால் வெடித்த துப்பாக்கி

கம்பியில்லாத் தந்தி கண்ட மார்க்கோனியின் கதை

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலைமேல் ஏறினால் புதூர்நாடு வரும். சுற்றிலும் மலை. இந்தச் சரிவில் நின்று ஒருவர் தொண்டை கிழியக் கூவினாலும், குன்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காதில் விழாது. மலையூரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும்.

ஆனால், ஒருவர் குன்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சாவியைத் தட்டினார். அது அந்தப் பக்கம் கேட்டது! கேட்டதற்கு அடையாளமாக ஒரு துப்பாக்கி வெடித்தது.

இது நடந்தது இத்தாலி நாட்டில். ஆண்டு 1895. சாவியைத் தட்டியவருக்கு வயது 21. கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்காதவர். அவர்தான் மார்க்கோனி!

பணக்கார வீட்டுப் பிள்ளை

குலியெல்மோ மார்க்கோனி 1874-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி, இத்தாலியில் உள்ள பொலோனா நகரில் பிறந்தார். தகப்பனார் ஜுசெப்பே, நிலபுலன் உள்ளவர். தாயார் ஆனி, அயர்லாந்து நாட்டுப் பெண். விஸ்கி தயாரிப்பில் பேர்போன ஜேம்சன் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

நகரை அடுத்த பொன்டெக்கியோ என்ற ஊரில் அவர்களுக்கு ஒரு பெரிய மாளிகை இருந்தது. பையன் பெரும்பாலும் வீட்டில்தான் படித்தான். மற்றப் பாடங்களில் மனம் போகவில்லை. மின்சாரம் என்றால் மட்டும் ஊண் உறக்கம் மறந்துவிடுவான்.

மகன் பட்டறை போட்டு விளையாடுவதாகத் தகப்பனார் முகம் சுளித்தார். தாயார்தான் மகன் பக்கம் நின்றார்.

பக்கத்தில் ரீகி என்ற பேராசிரியர் இருந்தார். மின்சார அலைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். அவருடைய தயவால் நூல்களும் கருவிகளும் மார்க்கோனியின் கண்ணில் பட்டன.

நள்ளிரவில் ஒலித்த மணி

ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகள் உண்டு என்று 1880-களின் கடைசியில் சோதனை செய்து காட்டியிருந்தார். இரண்டு உலோக உருண்டைகளுக்கு நடுவே தீப்பொறி பறந்தால், அந்த அலை அறை முழுவதும் பரவும். 1894-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி ஹெர்ட்ஸ் இறந்துபோனார்.

அந்தக் கோடையில் மலைப்பகுதியில் ஓய்வுக்குச் சென்றிருந்த மார்க்கோனி, ஹெர்ட்ஸின் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தார். இந்த அலையை வைத்துத் தந்தி அனுப்பினால் என்ன? கம்பியே வேண்டாமே! எண்ணம் அவரை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாடி அறையில் வேலையைத் தொடங்கினார்.

அலையைப் பிடிக்க ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் உலோகத் தூள். அலை பட்டால் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்சாரத்துக்கு வழிவிடும். ஒரு தட்டுத் தட்டினால் மறுபடியும் பிரிந்துவிடும். குழாயைக் கண்டுபிடித்தவர்கள் வேறு விஞ்ஞானிகள். அதை இழைத்து இழைத்து நம்பகமாக்கியவர் மார்க்கோனி.

அதே ஆண்டு டிசம்பரில் ஒருநாள் இரவு, தூங்கிக்கொண்டிருந்த தாயாரை எழுப்பி மாடிக்கு அழைத்துச் சென்றார். அறையின் ஒரு கோடியில் சாவியைத் தட்டினார். மறுகோடியில் மணி ஒலித்தது. நடுவில் கம்பி இல்லை!

மண்ணில் ஒரு கால், வானில் ஒரு கை

அறைக்குள் மணி அடித்தால் போதுமா? 1895-ல் கருவியைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தார். எவ்வளவு முயன்றும் சில நூறு மீட்டருக்கு மேல் அலை போகவில்லை. அலை அவ்வளவு தூரம்தான் போகும் என்று பெரிய விஞ்ஞானிகளே நினைத்த காலம் அது.

மார்க்கோனி ஒன்று செய்தார். தீப்பொறிக் கருவியின் ஒரு முனையை மண்ணில் புதைத்தார். இன்னொரு முனையைக் கம்பியில் கட்டி, உயரமான கம்பத்தில் ஏற்றினார். மரத்துக்கு வேர் மண்ணில், கிளை வானில் இருப்பதுபோல!

அலையின் நடையே மாறிவிட்டது. உயரமான கம்பியில் பிறந்த அலை நீளமாக இருந்தது. நீண்ட அலை தரையைத் தழுவிப் போகும். மேட்டைக் கண்டால் வளைந்து தாண்டும். கம்பி உயர உயரத் தூரமும் கூடியது.

மாளிகைக்கு எதிரே ஒரு குன்று. அண்ணன் அல்போன்சோவும் பண்ணை ஆட்களும் அலை பிடிக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு குன்றைத் தாண்டிப் போனார்கள். தூரம் சுமார் 2 கிலோமீட்டர். குன்று மறைப்பதால் கைக்குட்டை ஆட்டினால் தெரியாது. எனவே துப்பாக்கியும் உடன் போயிற்று.

மார்க்கோனி சாவியைத் தட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். குன்றுக்கு அப்பாலிருந்து வெடிச் சத்தம் கேட்டது!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவி வேலை செய்கிறது என்பதை மார்க்கோனியின் பக்கத்தில் இருந்த எதுவும் சொல்லவில்லை. மறுபக்கத்தில் கேட்டவர்தான் சொன்னார். அவருடைய வாழ்க்கை முழுவதிலும் இந்தப் பாடம் திரும்பத் திரும்ப வந்தது.

லண்டன் போனார்

1896-ல் தாயாருடன் லண்டன் போய்ச் சேர்ந்தார். ஜூன் 2-ந் தேதி உரிமைப் பத்திரத்துக்கு மனுப் போட்டார். தபால் இலாகாவின் தலைமை எஞ்சினீயர் பிரீஸ் அவருக்குக் கைகொடுத்தார்.

1897 மே மாதம் பிரிஸ்டல் கால்வாயில் சுமார் 6 கிலோமீட்டர் தண்ணீரைச் செய்தி தாண்டியது. ஜூலையில் கம்பெனி பிறந்தது. 1899-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள கடலைச் செய்தி தாண்டியது. அப்போது அவருக்கு வயது 24.

பேர் வந்தது. பணம் வந்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது.

ஊஞ்சல் சொல்லும் பாடம்

சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் பேச்சு யாருக்குப் புரியும்? ஒரு நிலையம் அனுப்பும் செய்தி எல்லாக் கருவிகளிலும் விழுந்தது. இரண்டு நிலையங்கள் ஒரே சமயத்தில் அனுப்பினால் இரண்டும் கெட்டன.

வழி என்ன? சுருதி சேர்ப்பதுதான்!

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். கண்ட நேரத்தில் தள்ளினால் ஆடாது. அது வரும்போது விட்டு, போகும்போது தள்ளினால், சின்னக் குழந்தை தள்ளினாலும் உயரே போகும். கம்பியும் ஓர் ஊஞ்சல். ஒவ்வொரு கம்பிக்கும் சொந்தமாக ஒரு சுருதி உண்டு. அந்தச் சுருதியில் வரும் அலைக்குத்தான் அது நன்றாக ஆடும்.

கம்பி நீளமானால் சுருதி இறங்கும். குட்டையானால் ஏறும். குட்டைக் கம்பியின் சுருதியை இறக்க வேண்டுமானால், அதனுடன் ஒரு கம்பிச் சுருளைச் சேர்க்க வேண்டும். ஊஞ்சலில் கயிற்றை நீட்டிவிட்டால் மெதுவாக ஆடுமே, அதுபோல.

கம்பிச் சுருள் வைத்துச் சுருதி கூட்டும் இந்த முறைக்கு 1897-லேயே உரிமை கோரியவர் ஆலிவர் லாட்ஜ் என்ற ஆங்கிலப் பேராசிரியர். மார்க்கோனி அதை மேலும் வளர்த்தார். அனுப்பும் கருவியிலும் வாங்கும் கருவியிலும் சுருதியைத் திருப்பி வைக்க வழி செய்தார். 1900-ல் அதற்கு உரிமை பெற்றார். அந்தப் பத்திரத்தின் எண் 7777. நான்கு ஏழு!

பின்னர் 1911-ல் லாட்ஜின் உரிமையை மார்க்கோனி கம்பெனி விலைகொடுத்து வாங்கிக்கொண்டது. சுருதி சேர்க்கும் முறைக்கு அமெரிக்காவில் மார்க்கோனி பெற்றிருந்த உரிமையோ, 1943-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் செல்லாமல் போயிற்று. லாட்ஜ், டெஸ்லா, ஸ்டோன் ஆகியோரின் வேலை முந்தியது என்று நீதிபதிகள் கண்டார்கள்.

பட்டம் பிடித்த செய்தி

அட்லாண்டிக் மாகடலைத் தாண்ட வேண்டும்! அதுதான் அடுத்த ஆசை. இங்கிலாந்தின் போல்டு என்ற கடற்கரை ஊரில் 60 மீட்டர் உயரமுள்ள 20 கம்பங்களை வட்டமாக நட்டார்கள். 1901 செப்டம்பரில் அடித்த புயலில் எல்லாம் சரிந்தன. மார்க்கோனி சோர்ந்து உட்காரவில்லை. இரண்டே கம்பங்களில் கம்பிகளை விசிறிபோல் கட்டினார். எதிர்க்கரையில் உள்ள நியூபவுண்ட்லாந்து தீவுக்குக் கப்பல் ஏறினார்.

டிசம்பர் மாதம். கொடும் குளிர். சூறைக்காற்று. கம்பம் நட வழியில்லை. பட்டம் விட்டு அதில் 150 மீட்டர் நீளக் கம்பியைக் கட்டினார்கள். பட்டமோ காற்றில் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடியது. கம்பி ஆட ஆட, அதன் சுருதியும் மாறிக்கொண்டே இருந்தது. சுருதி சேர்த்த கருவி பயன்படவில்லை. அதை ஒதுக்கிவிட்டு, சுருதி சேர்க்காத பழைய முறைக்கே போனார். டெலிபோன் குழலைக் காதில் வைத்தார்.

டிசம்பர் 12-ந் தேதி, மூன்று சிறு தட்டல்கள் அவர் காதில் விழுந்தன. எஸ் என்ற எழுத்துக்கான அடையாளம் அது. உதவியாளர் கெம்ப்பும் கேட்டார். 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த செய்தி!

உலகம் வியந்தது. சந்தேகமும் பட்டது. கேட்டவர்கள் அவர்கள் இருவர்தான். காகிதத்தில் பதிவு இல்லை. வெறும் இடிமின்னல் இரைச்சலாக இருக்கலாம் என்றார்கள். அந்தச் சந்தேகம் இன்றும் ஆராய்ச்சியாளர்களிடம் உண்டு.

மார்க்கோனி கோபித்துக்கொள்ளவில்லை. 1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்ற கப்பலில் ஏறினார். செய்தியைக் காகித நாடாவில் பதிய வைத்தார். கப்பல் தலைவரைச் சாட்சியாக்கினார். பகலைவிட இரவில் அலை பல மடங்கு தூரம் போகிறது என்ற புது உண்மையும் அந்தப் பயணத்தில் தெரிந்தது.

நம் நாட்டு போஸ்

நம் நாட்டு ஜகதீஷ் சந்திர போஸை இங்கே மறக்கலாகாது. 1895-ல் கல்கத்தாவில் அவர் அலையைச் சுவருக்கு ஊடாக அனுப்பி மணி அடிக்கச் செய்தார். வெடிமருந்தை வெடிக்கவும் செய்தார். பாதரசத்தைக் கொண்டு அலை பிடிக்கும் கருவி ஒன்றைப் பற்றி 1899-லேயே லண்டனில் கட்டுரை வெளியிட்டார். 1901-ல் மார்க்கோனி பயன்படுத்திய பாதரசக் கருவிக்கு மூலம் அதுவே என்று பிற்காலத்தில் இந்திய ஆராய்ச்சியாளர் ஒருவர் எடுத்துக் காட்டினார். போஸ் பணத்துக்காக உரிமை கோர விரும்பாதவர். தாவர ஆராய்ச்சிக்குத் திரும்பிவிட்டார்.

அலையைக் கண்டவர் ஒருவர். பிடித்தவர் ஒருவர். சுருதி சேர்த்தவர் ஒருவர். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, ஊருக்கு ஊர் கொண்டு சேர்த்தவர் மார்க்கோனி. 1909-ல் அவருக்கும் ஜெர்மனியின் பிரௌனுக்கும் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது.

கடலில் கேட்ட கூக்குரல்

அதே ஆண்டு ஜனவரியில் ரிபப்ளிக் என்ற கப்பல் மூடுபனியில் இன்னொரு கப்பலுடன் மோதியது. அதன் தந்தியாளர் உதவி கேட்டுச் செய்தி அனுப்பினார். 1,500 பேருக்கு மேல் உயிர் தப்பினார்கள்.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. கப்பலில் 2,200 பேருக்கு மேல் இருந்தார்கள். மார்க்கோனி கம்பெனியின் தந்தியாளர்கள் பிலிப்ஸும் பிரைடும் கடைசிவரை சாவியைத் தட்டினார்கள். தூரத்தில் இருந்த கார்பேத்தியா கப்பலின் தந்தியாளர், படுக்கப் போகும் நேரத்திலும் காதுக்குழலைக் கழற்றாமல் இருந்தார். அதனால் அவருக்குக் கேட்டது. கப்பல் விரைந்தது. சுமார் 700 பேர் பிழைத்தார்கள். பிலிப்ஸ் பிழைக்கவில்லை.

அதைவிடப் பக்கத்தில் கலிபோர்னியன் என்ற கப்பல் நின்றிருந்தது. அதில் இருந்த ஒரே தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டார்.

கருவி இருந்தது. அலை வந்தது. கேட்கக் காது இல்லை! சுமார் 1,500 பேர் மாண்டார்கள். பயணிகள் கப்பல்களில் இரவு பகலாக ஒருவர் தந்தியைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்ற விதி அதன் பிறகுதான் வந்தது.

பொழுதுபோக்குக்காரர்கள் காட்டிய வழி

தூரம் போக நீண்ட அலைதான் வேண்டும் என்று மார்க்கோனியும் நம்பினார். 200 மீட்டருக்குக் குட்டையான அலை எதற்கும் உதவாது என்று எண்ணி, அமெரிக்க அரசு அதைப் பொழுதுபோக்குக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தது.

நடந்தது என்ன? 1921 டிசம்பரில், வீட்டில் கருவி செய்து விளையாடிய அந்த அமெரிக்கர்களின் செய்தி ஸ்காட்லாந்தில் கேட்டது! குட்டை அலை மேலே போய், வானத்தில் உள்ள மின்னூட்டப் படலத்தில் பட்டுத் திரும்பி வந்து பூமியில் விழுகிறது.

மார்க்கோனியும் குட்டை அலைக்குத் திரும்பினார். எலெட்ரா என்ற தம் படகையே ஆராய்ச்சிக்கூடமாக்கினார். 1927-ல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே அந்த முறையில் தந்தி தொடங்கியது. இந்திய நிலையம் புனேக்கு அருகில் இருந்தது.

நம் சென்னையிலும் ரேடியோவைக் கொண்டுவந்தவர்கள் ஆர்வக்காரர்கள்தான். கிருஷ்ணசாமி செட்டியார் என்ற எஞ்சினீயரின் முயற்சியால், 1924 மே மாதம் சென்னை மாகாண ரேடியோ சங்கம் பிறந்தது. ஜூலை 31-ந் தேதி 40 வாட் கருவியில் ஒலிபரப்பு தொடங்கியது. பண முடையால் 1927-ல் சங்கம் நின்றது. கருவியைச் சென்னை மாநகராட்சி ஏற்று, 1930-ல் ஒலிபரப்பை நடத்தியது.

குட்டைக் கம்பிக்குச் சுருதி சேர்ப்பது எப்படி?

இன்றும் மத்திய அரசின் தேர்வு எழுதி உரிமம் பெற்று, சொந்தமாக ரேடியோ நிலையம் நடத்துகிறவர்கள் உண்டு. அவர்களை ஹாம் என்பார்கள். 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது, அந்தமானில் தங்கியிருந்த ஹாம் குழு ஒன்று அங்கிருந்து செய்தி அனுப்பி உதவியது.

அவர்கள் பயன்படுத்தும் அலைகளில் ஒன்று 40 மீட்டர் அலை. அதற்குக் கால் பங்கு, அதாவது 10 மீட்டர் உயரக் கம்பி வேண்டும். புதூர்நாடு போன்ற மலையூருக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? செல்போன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால், மலை மறைத்தால் மங்கிவிடும். அங்கே குட்டை அலைதான் கைகொடுக்கும். எனவே இரண்டு மூன்று மீட்டர்க் கம்பியை நட்டு, அதன் அடியில் ஒரு சுருளை வைக்கிறார்கள். லாட்ஜும் மார்க்கோனியும் கையாண்ட அதே தந்திரம்!

கம்பியை மண்ணில் படாதபடி நிறுத்த வேண்டும். அதன் காலடியிலிருந்து நாலா பக்கமும் தரையில் கம்பிகளை விரிக்க வேண்டும். இதுதான் எர்த். பிறகு குறைந்த சக்தியில் அலையை அனுப்பி, திரும்பி வரும் சக்தியைக் காட்டும் மீட்டரைப் பார்க்க வேண்டும். அனுப்புவதை நிறுத்திவிட்டு, கிளிப்பைச் சுருளில் ஒரு சுற்றுத் தள்ளி மாட்ட வேண்டும். அலை போகும்போது சுருளைத் தொடவே கூடாது, கை சுட்டுவிடும். இப்படிச் சுற்றுச் சுற்றாக மாற்றி, திரும்பி வருவது எங்கே மிகக் குறைகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். தேவையான சுருதிக்குக் கீழே நின்றால் சுற்றைக் குறைக்க வேண்டும். மேலே நின்றால் கூட்ட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எர்த் மோசமாக இருந்தால் மீட்டர் மிக அழகாகக் காட்டும்! ஏன்? சக்தி திரும்பி வரவில்லை, அலையாகவும் போகவில்லை. மண்ணைச் சூடாக்கி வீணாகிவிட்டது. தரைக் கம்பிகளைக் கூட்டினால் மீட்டரின் முள் சற்றுக் கெட்டுப்போகும். ஆனால் செய்தியோ அதிக தூரம் போகும்.

ஆகவே, அனுபவசாலிகள் மீட்டரை மட்டும் நம்புவதில்லை. எதிர்முனையில் இருப்பவரிடம் கேட்கிறார்கள். அல்போன்சோவின் துப்பாக்கி சொன்னதும் இதைத்தானே?

ஒளியும் நிழலும்

மார்க்கோனியின் சொந்த வாழ்வு இன்பமும் துன்பமும் கலந்தது. 1912-ல் கார் விபத்தில் வலது கண் போயிற்று. பியாட்ரிஸ் என்ற சீமாட்டியை 1905-ல் மணந்தார். அந்த மணம் 1924-ல் முறிந்தது. 1927-ல் மரியா கிறிஸ்டினாவை மணந்தார்.

அவர்மீது ஒரு கறையும் உண்டு. 1923-ல் முசோலினியின் கட்சியில் சேர்ந்தார். 1930-ல் இத்தாலிய ராயல் அகாடமியின் தலைவரானார். எத்தியோப்பியா என்ற ஏழை நாட்டின்மீது முசோலினி படையெடுத்தபோது அதை ஆதரித்தார். உலகின் ஒரு கோடியில் எழும் குரலை மறுகோடியில் கேட்க வைத்தவர், அந்த மக்களின் குரலைக் கேட்கவில்லை. பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதும்போது இதையும் எழுதத்தான் வேண்டும்.

1937 ஜூலை 20-ந் தேதி ரோம் நகரில் அவர் காலமானார். வயது 63. அதே ஆண்டு நவம்பரில் நம் போஸும் மறைந்தார்.

மார்க்கோனியின் இறுதிச் சடங்கின்போது, உலகெங்கும் ரேடியோ நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன. அவர் பேச வைத்த வானம், அவருக்காகப் பேசாமல் இருந்தது!

படிக்கும் பிள்ளைகள் இதை நினைவில் வைக்கலாம். மார்க்கோனி பட்டதாரி அல்ல. அலையைக் கண்டுபிடித்தவரும் அல்ல. அவர் கம்பத்தை நட்டார், புயல் சாய்த்தால் மறுபடி நட்டார். கேட்டதா என்று எதிர்ப்பக்கம் கேட்டார், கேட்கவில்லை என்றால் திருத்தினார். சொன்னோம் என்பதோடு வேலை முடிவதில்லை. அங்கே கேட்டதா என்று பார்ப்பதில்தான் முடிகிறது. ரேடியோவுக்கு மட்டுமா, வீட்டுக்கும் இது பொருந்தும்!